புதையுண்ட நகரங்களும் நம் பிள்ளைகளும்

மாலை நேர மக்தபில் ஒருநாள் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தோம். நைல் நதியில் மிதந்த பேழை, ஃபிர்அவ்னின் ஆணவம், கடல் பிளந்த அற்புதம் ஆகியவற்றைக் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுள் ஒருவன், பள்ளிக்கூடத்துச் சமூக அறிவியல் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தான். அதிலிருந்த பிரமிடின் படத்தைக் காட்டி, "ஹஜ்ரத், இதைக் கட்டுன ஆளுங்க எல்லாரும் நரகத்துக்குத்தான் போவாங்களா?" என்று கேட்டான். பத்து வயதுச் சிறுவன்.

வகுப்பு அமைதியாயிற்று. "ஆம்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். "அதெல்லாம் உனக்கு எதற்கு? பாடத்தைப் பார்" என்று அதட்டியும் இருக்கலாம். இவ்விரண்டையும் நாம் ஆசிரியப் பணியில் பலமுறை செய்ததுண்டு. அன்று மட்டும் அச்சிறுவனின் முகம் நம்மைத் தடுத்தது. அவன் வீண் விவாதத்திற்காகக் கேட்கவில்லை. அந்தப் படம் அவனுக்கு அழகாகத் தோன்றியிருக்கிறது. அழகென்று எண்ணியது பாவமாகிவிடுமோ என்ற அச்சமே அவன் வாயில் கேள்வியாக வந்திருக்கிறது. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அன்றிரவு நமக்கு உறக்கம் எளிதில் வரவில்லை.

இக்கேள்வி அச்சிறுவன் ஒருவனுடையது மட்டுமன்று. நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் அனைவரும் எகிப்தையும், இராக்கின் பழைய நகரங்களையும், சிந்துவெளியையும் பள்ளியில் படிக்கின்றனர். நம் ஈமானுக்கு மாறான நம்பிக்கை உடையோர் ஆக்கிய அரும்பொருள்களை அவர்கள் கண்ணெதிரே காண்கின்றனர். அவற்றைப் பற்றி வீட்டில் உம்மாவும் வாப்பாவும், மக்தபில் ஆசிரியரும் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அப்பிள்ளைகளின் நெஞ்சில் உண்மை, நீதி, இரக்கம் ஆகிய மூன்றும் எவ்வாறு வேரூன்றும் என்பது அமையும். ஆகவே இது வெறும் பாடத்திட்டச் செய்தி அன்று. மார்க்கம் சார்ந்த ஒழுக்கப் பிரச்சினையே ஆகும்.

மூஸா (அலை) அவர்கள் தந்த விடை

மறுநாள் நாம் விடைதேடி வெகுதூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. சிறுவன் கேட்ட அதே கேள்வியை ஃபிர்அவ்னே மூஸா (அலை) அவர்களிடம் கேட்டதாகத் திருமறையின் தாஹா அத்தியாயம் தெரிவிக்கிறது. முன்சென்ற தலைமுறையினரின் கதி என்ன என்பது அவனுடைய வினா. அவ்வினாவில் சூழ்ச்சி இருந்தது. "உங்கள் பாட்டன் பூட்டன் அனைவரும் நரகவாசிகள்" என்று மூஸா (அலை) சொல்லிவிட்டால் அவை கொந்தளிக்கும், செய்தி திசைமாறும். ஆனால் அல்லாஹ்வின் தூதர் அவ்வலையில் விழவில்லை. அவர்களைப் பற்றிய அறிவு தம் இரட்சகனிடம் பதிவில் இருக்கிறது என்றும், அவன் தவறுவதுமில்லை, மறப்பதுமில்லை என்றும் விடையளித்தார்கள்.

எத்தகைய விடை பாருங்கள்! இறைவனுடன் நேரில் உரையாடிய நபியே இறந்தோரின் தீர்ப்பைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியிருக்க, நாலாயிரம் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு கல்தச்சன் சுவர்க்கவாசியா நரகவாசியா என்று ஒரு மக்தப் ஆசிரியர் தீர்ப்பு வழங்க முடியுமா? அவனுக்கு எந்தத் தூதர் வந்தார், எச்செய்தி எட்டியது என்பதை நாம் அறியோம். தூதரை அனுப்பாத வரையில் யாரையும் தண்டிப்பதில்லை என்பது அல்லாஹுத்தஆலா தனக்குத் தானே விதித்துக்கொண்ட நீதி. தூதர்களுள் சிலரின் வரலாறு மட்டுமே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சிலரின் வரலாறு சொல்லப்படவில்லை என்பதும் திருமறையின் செய்தியே. கடந்துபோன சமுதாயத்தினர் சம்பாதித்தது அவர்களுக்கு, நாம் சம்பாதிப்பது நமக்கு, அவர்கள் செய்தவை குறித்து நம்மிடம் கேட்கப்படமாட்டாது என்ற கருத்தும் அல்பகராவில் இருமுறை வருகிறது.

எகிப்து என்றவுடன் ஃபிர்அவ்ன் ஒருவனே நம் நினைவுக்கு வருகிறான். ஆனால் அந்நாட்டு மக்களைத் திருமறை ஒரே கயிற்றில் கட்டவில்லை. ஃபிர்அவ்னின் மனைவி ஈமான் கொண்டோருக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறார். அவனுடைய குடும்பத்திலேயே ஈமானை மறைத்து வைத்திருந்த ஒரு மனிதர் துணிந்து எழுந்து பேசுகிறார். காலையில் கூலிக்காக வந்த சூனியக்காரர்கள் சிறிது நேரத்தில் உயிரையும் கொடுக்கத் துணிந்த முஃமின்களாக மாறுகின்றனர். கொடுங்கோலன் ஒருவனைக் கொண்டு அவன் ஆண்ட மக்கள் அனைவரையும் அளப்பது நீதியன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கூலியாட்களின் ஊர்

இங்கேதான் தொல்பொருள் ஆராய்ச்சி நம் பிள்ளைகளுக்குப் பெருந்துணை செய்கிறது. வரலாறு என்பது நெடுங்காலம் அரசர்களின் வரலாறாகவே இருந்தது. மண்ணைத் தோண்டும் கலை வளர்ந்த பின்னரே சாதாரண மனிதன் நம் பார்வைக்கு வந்தான்.

கீஸாவிலுள்ள குஃபு மன்னனின் பெரிய பிரமிடு கி.மு. 26-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கட்டிய காலத்தில் அதன் உயரம் சுமார் 146 மீட்டர். அதில் அடுக்கப்பட்ட கற்கள் ஏறத்தாழ 23 இலட்சம் என்பது கணிப்பு. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவை. அதனைக் கட்டியவர் யார்? சவுக்கடி பட்ட அடிமைகள் என்றே உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது. 1990-இல் பிரமிடுகளுக்குத் தெற்கே ஒரு குதிரையின் கால் மண்சுவர் ஒன்றில் இடறியது. அவ்விடத்தைத் தோண்டியபோது அங்கு வேலை செய்தோரின் கல்லறைகள் வெளிப்பட்டன. அருகிலேயே அவர்கள் வாழ்ந்த ஊரும், ரொட்டி சுட்ட அடுப்புகளும், தின்று எறிந்த ஆடுமாட்டு எலும்புகளும் கிடைத்தன. அவர்களின் முதுகெலும்புகள் பாரம் சுமந்து தேய்ந்திருந்தன. கை கால் முறிந்து, கட்டுப்போடப்பட்டு, எலும்பு நேராகக் கூடியிருந்த அடையாளங்களும் காணப்பட்டன. முறிந்த எலும்பு தானாக நேராவதில்லை. யாரோ ஒருவர் மருத்துவம் செய்திருக்கிறார். யாரோ ஒருவர் அருகிலிருந்து கஞ்சி ஊட்டியிருக்கிறார். அரசனின் கல்லறைக்கு அண்மையில் மரியாதையுடன் புதைக்கப்பட்ட இவர்கள் அடிமைகளாக இருந்திருக்க முடியாது என்று அறிஞர்கள் முடிவு செய்தனர்.

2013-இல் செங்கடற்கரையில் வாதி அல்ஜர்ஃப் என்னுமிடத்தில் பாப்பிரஸ் ஏடுகள் சில கிடைத்தன. இதுவரை கிடைத்துள்ள எழுதப்பட்ட பாப்பிரஸ் ஏடுகளுள் மிகப் பழையவை இவையே. குஃபுவின் காலத்தில் மெரெர் என்னும் மேற்பார்வையாளர் தம் ஆட்களுடன் தூரா என்ற இடத்துச் சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றி கீஸாவுக்குக் கொண்டுசென்ற நாட்குறிப்பு அவற்றில் இருக்கிறது. எந்நாள் எங்கு தங்கினார், எந்நாள் கல் ஏற்றினார் என்பதே செய்தி. அரசனைப் புகழ்ந்து பாடும் கல்வெட்டு அன்று அது; உழைத்த ஒருவரின் கணக்கு.

பிரமிடுகளுக்கு ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்ட வேறொரு பதிவும் உண்டு. அரச கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய கைவினைஞர்கள் தைர் அல்மதீனா என்னும் சிற்றூரில் வாழ்ந்தனர். அவர்களின் வருகைப் பதிவு எழுதப்பட்ட சுண்ணாம்புக் கல் ஒன்று இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்ஸெஸ் மன்னனின் 40-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நாற்பது பேரின் பெயர்கள் வரிசையாக உள்ளன. அவரவர் வேலைக்கு வராத நாளும், வராமைக்குக் காரணமும் எழுதப்பட்டுள்ளன. ஒருவனுக்கு உடல்நலமில்லை, ஒருவனுக்குக் கண்நோய், ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது, ஒருவன் இறந்துபோன உறவினருக்கு ஈமக்கடன் செய்யப் போனான், மது காய்ச்சுவதற்காக வராதவனும் உண்டு! இதே ஊரார்தான் மூன்றாம் ராம்ஸெஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், கூலித் தானியம் வந்து சேராததால் வேலையை நிறுத்திவிட்டுப் பசியென்று சொல்லி உட்கார்ந்துவிட்டனர். அச்செய்தியைச் சொல்லும் ஏடு இத்தாலியின் டூரின் நகரில் பாதுகாக்கப்படுகிறது.

மக்தபில் நாமும் வருகைப் பதிவேடு வைத்திருக்கிறோம். காய்ச்சல், கலியாணம், மௌத்து என்று அதே காரணங்களைத்தான் நாமும் எழுதுகிறோம். இந்தக் கல்லைப் பற்றிச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தனர். சிரித்த கணத்திலேயே மூவாயிரம் ஆண்டு இடைவெளி மறைந்துவிட்டது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தாகிய நம் பிள்ளைகளுக்கு, கூலி கிடைக்காமல் பசித்திருந்த அவ்வெகிப்தியர்கள் அந்நியராகத் தோன்றலாமா?

நம் முன்னோர் பார்த்த பார்வை

"பழைய கோயில்களையும் சிலைகளையும் ஆராய்வது மேலைநாட்டார் கொண்டுவந்த பழக்கம், நம் உலமாக்களுக்கு அதில் நாட்டம் இருந்ததில்லை" என்று கருதுவோர் உளர். அது சரியன்று.

பக்தாதில் 1162-இல் பிறந்து 1231-இல் மறைந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி மருத்துவர். ஹதீஸும் மொழியிலக்கணமும் கற்ற பேரறிஞர். எகிப்தில் தாம் கண்டவற்றைக் குறித்து அவர் எழுதிய நூலின் பெயரிலேயே 'இஃதிபார்', அதாவது படிப்பினை பெறுதல், என்ற சொல் இருக்கிறது. பிரமிடுகளை அவர் அளந்து பார்த்தார். சிங்க உடலும் மனித முகமும் கொண்ட அபுல் ஹவ்ல் என்னும் பெருஞ்சிலையின் முக உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும் அளவைக் கண்டு வியந்தார். புதையலாசையால் பழம்பொருள்களை உடைத்தோரைக் கண்டித்தார். அவற்றை ஆக்கியோருடன் கொள்கையில் பகைமை கொண்டிருந்த அரசர்களும்கூட அவற்றைக் காத்து வந்தனர் என்பதைக் காரணத்துடன் எடுத்துரைத்தார். அவை காலக்கணக்கிற்குச் சான்று. வேதங்கள் குறிப்பிடும் பழைய சமுதாயங்களுக்கும் சான்று என்பது அவருடைய வாதம்.

ஸுல்தான் ஸலாஹுத்தீனின் மகன் அல்மலிக் அல்அஸீஸ், சிலரின் பேச்சைக் கேட்டு, கீஸாவின் மூன்று பிரமிடுகளுள் சிறியதை இடிக்க ஆள்களை அனுப்பிய செய்தியையும் அப்துல் லத்தீஃப் பதிவு செய்திருக்கிறார். எட்டு மாதம் பாடுபட்டும் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு கற்களையே அவர்களால் பெயர்க்க முடிந்தது. முடிவில் பொருளும் தீர்ந்து, சோர்ந்து திரும்பினர். அந்தக் காயம் அப்பிரமிடின் வடபுறத்தில் இன்றும் தெரிகிறது. கட்டியவரின் ஆற்றலும், இடிக்கப் புகுந்தவரின் வீண்முயற்சியும் ஒரே சுவரில் அருகருகே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் ஏது?

அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லத்தக்கது. 1200-ஐ அடுத்து எகிப்தைப் பெரும்பஞ்சம் தாக்கியபோது எலும்புகள் குவியலாகக் கிடந்த ஓர் இடத்தில் அவர் மனித எலும்புகளை ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மருத்துவ மேதை கேலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக அதையே எல்லாரும் படித்து வந்தனர். அப்துல் லத்தீஃப் எத்தனையோ தாடைகளைப் பார்த்தார். எல்லாம் ஒரே எலும்பாகவே இருந்தன. கேலன்பால் பெருமதிப்பு வைத்திருந்தும், கண்ணால் கண்டதையே எழுதினார். ஆசிரியரை மதிப்பது வேறு, உண்மையை மதிப்பது வேறு. இரண்டும் மோதும்போது உண்மையின் பக்கம் நிற்பதே ஆசிரியருக்கும் செய்யும் மரியாதை.

உருவங்களைப் பற்றிய அச்சம்

பெற்றோர் சிலர் நம்மிடம் நேரில் வந்து முறையிட்டதுண்டு. "நாய்த்தலையும் பருந்துத்தலையும் வைத்த பொம்மைகளைப் பிள்ளைகள் பார்த்தால் ஈமான் கெட்டுப்போகாதா?" என்று ஒரு தந்தையார் கவலையுடன் கேட்டார். அக்கவலையை நாம் எள்ளி நகையாடமாட்டோம். தௌஹீதைப் பிள்ளையின் நெஞ்சில் முதலில் ஊன்ற வேண்டும் என்பதில் அவரும் நாமும் ஒன்றே.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். லாத், உஸ்ஸா, மனாத் என்றும், வத், ஸுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ர் என்றும் வணங்கப்பட்ட உருவங்களின் பெயர்களைத் திருமறையே கூறுகிறது. தொழுகையிலும் அவ்வசனங்களை ஓதுகிறோம். அறிவது வேறு, வணங்குவது வேறு. மேலும், அம்ருப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் தலைமையில் ஸஹாபாப் பெருமக்கள் 640-ஐ ஒட்டி எகிப்துக்குள் நுழைந்தபோது பிரமிடுகள் நின்றன, கோயில்கள் நின்றன, அவற்றுள் பல இன்றும் நிற்கின்றன. அவர்களின் ஈமானைவிட நம் ஈமான் உறுதியானதென்று யாரும் சொல்லத் துணியார்.

2001 மார்ச்சில் ஆப்கானிஸ்தானத்தின் பாமியானில் இரு பெரும் புத்தர் சிலைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முஸ்லிம் ஆட்சிகளின் கீழ் நின்ற சிலைகள் அவை. அவற்றைக் காக்கும்படி எகிப்தின் முஃப்தி உள்ளிட்ட உலமாக்கள் நேரில் சென்று எடுத்துரைத்தும் பயனில்லாமற் போயிற்று. நாம் மறைத்தாலும் பிள்ளைகள் இச்செய்திகளை அறியத்தான் செய்வர். விளக்கம் பெறாமல் அறிந்தால், நம் மார்க்கமே இடிப்பதற்குத்தான் சொல்கிறதோ என்ற ஐயம் அவர்களைப் பிடிக்கும். அந்த ஐயம் நாய்த்தலைப் பொம்மையினும் கொடிய தீங்கு அல்லவா?

படிப்பினையில் கலப்படம் வேண்டா

பூமியில் சுற்றிப் பாருங்கள், முன்னிருந்தோரின் முடிவு எவ்வாறாயிற்று என்று கவனியுங்கள் என்ற கட்டளை திருமறையில் பல இடங்களில் வருகிறது. இக்கட்டளையை நிறைவேற்றும் ஆர்வத்தில் நாம் ஒரு பிழையைச் செய்துவிடுகிறோம். உறுதிப்படாத செய்திகளைச் சான்றென்று பிள்ளைகளிடம் நீட்டுகிறோம்.

ஃபிர்அவ்னின் உடல் பின்வருவோருக்கு அத்தாட்சியாகப் பாதுகாக்கப்படும் என்பது இறைவாக்கு. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஃபிர்அவ்ன் எந்த அரசன் என்று திருமறை பெயர் சொல்லவில்லை. இரண்டாம் ராம்ஸெஸ் என்பாரும், அவன் மகன் மெர்னெப்தாஹ் என்பாரும் உளர். 1881-இல் தைர் அல்பஹ்ரி மலைக்குகையில் பல அரசர்களின் பதனிட்ட உடல்கள் ஒருசேர வெளிக்கொணரப்பட்டன. இரண்டாம் ராம்ஸெஸின் உடல் அவற்றுள் ஒன்று. மெர்னெப்தாஹின் உடல் 1898-இல் வேறொரு கல்லறையில் கிடைத்தது. இவற்றுள் ஒன்றைக் காட்டி "இவன்தான் அவன்" என்று அடித்துச் சொல்ல வரலாற்றுச் சான்று இல்லை. நாம் அடித்துச் சொல்லிவிட்டு, பிள்ளை வளர்ந்து அது நிறுவப்படாத கருத்தென்று அறியும் நாளில், நம் ஊகத்தோடு சேர்த்து இறைவாக்கையும் அவன் சந்தேகிக்க நேரிடும். ஊகத்தை வேதத்தின் மேல் ஏற்றி வைத்த பாவம் நம்முடையதாகும்.

இன்னோர் எடுத்துக்காட்டு: பாலைவனத்தில் கிடக்கும் மாபெரும் எலும்புக்கூடு ஒன்றின் படத்தை ஆது சமுதாயத்தினுடையதென்று சொல்லி நம் வீடுகளில் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். 2002-இல் ஒரு படப்போட்டிக்காகக் கணினியில் ஒட்டிச் செய்த படம் அது! ஹூத் (அலை) அவர்களின் செய்தி உண்மையாவதற்குப் பொய்ப்படம் தேவையா?

ஸமூது கூட்டத்தாருடன் தொடர்புபடுத்தப்படும் அல்ஹிஜ்ர் இன்றைய சவூதி அரேபியாவில் இருக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அங்கே பாறையில் குடைந்த 111 கல்லறைகள் உள்ளன. அவற்றின் வாயில்களில் உள்ள எழுத்துகளை அறிஞர் படித்துள்ளனர். அவை நபத்தியர் என்னும் அரபு மக்களால் கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதி முதல் கி.பி. 75 வரை குடையப்பட்டவை என்று அவ்வெழுத்துகளே கூறுகின்றன. ஸமூது என்ற பெயரோ அதற்கு முன்பே, கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் அஸ்ஸீரியக் கல்வெட்டில் வந்துவிட்டது. ஆகவே ஸாலிஹ் (அலை) அவர்களின் மக்கள் வேறு, இப்போது நாம் காணும் வாயில்களைச் செதுக்கியோர் வேறு என்று கொள்வதே பொருந்தும். இதனால் திருமறைக்குக் குறை ஏதும் வருவதில்லை. மலையைக் குடைந்து வாழ்ந்த மக்கள் அங்கிருந்தனர் என்றது வேதம். இந்தத் தூணும் இந்த வாயிலும் அவர்களுடையவை என்று முந்திக்கொண்டு சொன்னவர் நாம்.

தபூக் படையெடுப்பின்போது, ஹிஜ்ரி 9-இல், எம்பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்றார்கள். தண்டிக்கப்பட்ட மக்களின் இருப்பிடத்தில் அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாம் எனத் தோழர்களுக்குச் சொன்னதோடு, தாமும் தலையை மறைத்துக்கொண்டு விரைந்து கடந்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. இதனைச் சிந்தித்துப் பாருங்கள். தண்டனை இறங்கியது உறுதியாகத் தெரிந்த இடத்திலும் நாயகம் (ஸல்) கற்பித்தது ஏளனம் அன்று, கண்ணீர். நமக்கும் அதுபோல் நேர்ந்துவிடக்கூடாதே என்ற நடுக்கம். பாழடைந்த ஊரைக் கண்டு "அவர்கள் அழிந்தார்கள், நாம் நல்லவர்கள்" என்று நெஞ்சு நிமிர்த்தும் பிள்ளை படிப்பினை பெறவில்லை; ஃபிர்அவ்னின் ஆணவத்தில் ஒரு துளியையே பெற்றிருக்கிறான்.

கற்பிக்கும் வழி

இனி இதனை எவ்வாறு கற்பிப்பது? பெரும்பொருட்செலவு ஏதும் வேண்டியதில்லை.

நம் வீட்டுக் கொல்லையில் குப்பை கொட்டும் குழி ஒன்று இருக்கும். அதில் மேலே கிடப்பது நேற்றையது. அடியில் கிடப்பது பழையது. மேலே பிளாஸ்டிக் பை, அதற்குக் கீழே பீங்கான் துண்டு, அதற்கும் கீழே மண்சட்டி ஓடு. தொல்பொருள் அறிஞர் மண்ணடுக்குகளைப் படிக்கும் முறையின் சாரம் இதுவே. பொன்னும் சிலையுமே புதையல் என்று பிறர் எண்ணிய காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், எகிப்தில் அகழாய்வு செய்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரீ சாதாரணப் பானையோடுகளைக் கொண்டே காலத்தை வரிசைப்படுத்தலாம் என்று காட்டினார்.

ஓர் உடைந்த சட்டி ஓட்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். காகிதத்தில் மூன்று கட்டங்கள் போடச் சொல்லுங்கள். முதற் கட்டத்தில் 'கண்டது', இரண்டாவதில் 'ஊகித்தது', மூன்றாவதில் 'தெரியாதது'. அடியில் கரி படிந்திருக்கிறது என்பது கண்டது. அடுப்பில் வைத்துச் சமைத்திருப்பர் என்பது ஊகித்தது. சமைத்தது யார், அவர் பெயர் என்ன என்பது தெரியாதது. மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விடத் துணியாத பிள்ளைக்கு இரு மதிப்பெண் குறையுங்கள்! "அறியேன்" என்று சொல்வது அறிவின் பாதி என்று நம் மதரஸாக்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பின்னர் அவ்வோட்டில் உள்ள கோட்டையும் வளைவையும் வரையச் சொல்லுங்கள். வரையும்போதுதான் கண் உண்மையில் பார்க்கிறது. வனைந்தவனின் விரல் எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது என்பது அப்போதே புலப்படும்.

எகிப்தை நம் பிள்ளைகளுக்கு அண்மையில் கொணரும் சான்றும் உண்டு. செங்கடற்கரையில் குஸைர் அல்கதீம் என்ற பழைய துறைமுகத்தில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்திய பானையோடுகள் கிடைத்தன. அவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்னும் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. அதே கடற்கரையில் பெரெனிகே என்னும் துறைமுகத்தில், இந்தியாவில் செய்யப்பட்ட பெரிய சாடி ஒன்று ஏழரைக் கிலோ மிளகுடன் கோயில் முற்றத்தில் புதைந்திருந்தது. குஸைரின் மேலடுக்கிலோ, 13-ஆம் நூற்றாண்டில் அங்கு வணிகம் செய்த முஸ்லிம் ஷைகு ஒருவரின் அரபுக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. தானியக் கணக்கும் குடும்பச் செய்தியும் அவற்றில் கலந்துள்ளன. ஒரே மண்ணில் கீழே தமிழன் ஒருவனின் பெயர். மேலே ஸலாம் சொல்லித் தொடங்கும் கடிதம். தமிழ் பேசி, ஸலாம் சொல்லி வாழும் நம் பிள்ளைகள் இவ்விரண்டில் எதனை அந்நியம் என்று ஒதுக்குவர்?

ஒரு எச்சரிக்கையும் தேவை. பழைய இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் ஓர் ஓட்டுத் துண்டைக்கூட எடுத்துவர விடாதீர்கள். கிடந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட பொருள் பேச்சிழந்துவிடும். அது முன்னோரின் அமானிதம், பின்வருவோரின் உரிமை.

அமானிதம் காத்த ஒரு முதியவர்

சிரியாவின் தத்முர் என்னும் பல்மைரா நகரில் காலித் அல்அஸஅத் என்ற அறிஞர் 1963 முதல் 2003 வரை தொல்பொருள் பொறுப்பாளராக இருந்தார். அவ்வூரிலேயே பிறந்த முஸ்லிம். கல்லிலும் மண்ணிலும் நாற்பதாண்டு கழித்தவர். 2015-இல் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஆயுதக் கூட்டம் அந்நகரைப் பிடித்தபோது அவர் வெளியேறவில்லை. அரும்பொருள்கள் மறைத்து வைக்கப்பட்ட இடத்தைக் கேட்டு அவரை வதைத்தனர் என்றும், அவர் சொல்ல மறுத்தார் என்றும் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், எண்பது வயதைக் கடந்த அம்முதியவரின் தலை கொய்யப்பட்டது.

அவர் அந்தச் சிலைகளை வணங்கியவர் அல்லர். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காத்தவர். கொன்றவர்களும் ஒரு காலத்தில் பத்து வயதுச் சிறுவர்களாக யாரோ ஓர் ஆசிரியர் முன் அமர்ந்திருப்பர். "அவர்கள் எல்லாரும் நரகத்துக்குத்தான்" என்ற ஒற்றை வரி விடை அங்கே எத்தனை முறை சொல்லப்பட்டிருக்குமோ! இறந்தோருக்குத் தீர்ப்பு வழங்கப் பழகிய நாக்கு, பின்னர் உயிரோடிருப்போருக்கும் தீர்ப்பு வழங்கத் தயங்குவதில்லை. அன்றிரவு நமக்கு உறக்கம் வராமற்போனதற்கு இந்நினைவே காரணம்.

மறுநாள் மாலை அச்சிறுவனை அருகில் அழைத்து, மூஸா (அலை) அவர்களின் விடையைச் சொன்னோம். பிரமிடு அழகாக இருப்பதாக எண்ணியது பாவமில்லை என்றும் சொன்னோம். கை என்னும் கருவியையும் அளவு என்னும் அறிவையும் மனிதனுக்குக் கொடுத்தவன் அல்லாஹ். கொடுக்கப்பட்டதை மறந்து தன்னையே இறைவனென்று சொல்லிக்கொண்டதுதான் ஃபிர்அவ்னின் குற்றம் என்று விளக்கினோம். பிறகு அந்தச் சுண்ணாம்புக் கல்லின் வருகைப் பதிவைப் பற்றிச் சொன்னோம். கேட்டுவிட்டுச் சிறிதுநேரம் யோசித்தான்.

"ஹஜ்ரத், அந்தத் தேள் கொட்டுன ஆளுக்கு அப்புறம் சரியாயிருச்சா?" என்றான்.

நேற்றுக் கேட்டவனும் இவனே. ஆனால் நேற்றைய கேள்வி தீர்ப்பைத் தேடிற்று, இன்றைய கேள்வி நலம் விசாரித்தது. ஒரு மனிதனின் நோவை மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் விசாரிக்கும் உள்ளத்தை நம் பிள்ளைகளுக்கு அளிக்க முடிந்தால், நாம் கற்பித்த வரலாறு வீண்போகவில்லை எனலாம். அக்கேள்விக்கும் மூஸா (அலை) அவர்களின் விடையையே நாம் சொல்ல வேண்டியிருந்தது: அதன் அறிவு நம் இரட்சகனிடம் இருக்கிறது, அவன் யாரையும் மறப்பதில்லை.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உண்மையைக் காணும் கண்ணையும், முன்சென்றோரிடம் நீதி தவறாத நெஞ்சையும் அருள்வானாக! ஆமீன்.